நீரில் விழுந்த பட்டத்தை எழுப்புவது எப்படி?
(செய்முறை விளக்கக் கட்டுரை: ஆசிரியர்களுக்கும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கும்)

சென்ற ஆண்டு என் படிவம் 5 மாணவி ஒருத்தி 'நான் அறிந்த ஒரு நீர் விளையாட்டு' என்ற தலைப்பில் கைட் சர்ஃபிங் பற்றி எழுதியிருந்தாள். அவளுடைய அண்ணன் குவாந்தானில் வேலை செய்கிறார். ஓய்வு நாளில் பாலோக் கடற்கரையில் இந்த விளையாட்டைப் பழகுகிறார். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் எழுதினாள். எழுத்துப்பிழை இல்லை, வல்லினம் மிகும் இடங்கள் சரி, பொருத்தமான பழமொழியும் இருந்தது. நானும் மகிழ்ச்சியாக நல்ல புள்ளி போட்டுவிட்டேன்.

மறுவாரம் அவளே வந்து சொன்னாள்: "டீச்சர், அண்ணன் என் கட்டுரையப் படிச்சிட்டுத் திட்டுறாங்க. நான் எழுதுன மாதிரி செஞ்சா ஆளு கரைக்குத் திரும்ப மாட்டானாம்."

அவள் எழுதிய வாக்கியங்கள் இவை: "பட்டம் நீரில் விழுந்தால் உடனே அதை நோக்கி நீந்திச் செல்ல வேண்டும். பிறகு கயிற்றைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு பட்டத்தைத் தூக்க வேண்டும்."

இலக்கணப்படி குற்றமே இல்லை. ஆனால், இரண்டு வாக்கியங்களும் ஆபத்தானவை. பள்ளித் திடலில் பட்டம் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? ஓடிப்போய் எடுப்போம், நூலைக் கையில் சுற்றிக்கொள்வோம். அவளும் தனக்குத் தெரிந்த அந்தப் பழக்கத்தையே கடலுக்குக் கொண்டுபோய்விட்டாள். படித்த எனக்கும் அது தெரியவில்லை. அன்று அவளுடைய அண்ணனிடம் கைப்பேசியில் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். செய்முறை விளக்கம் எழுதும்போது எதில் கவனம் வேண்டும் என்பதையும் இதன்வழி பார்ப்போம்.

1. விளையாட்டு அறிமுகம்

கைட் சர்ஃபிங்கைத் தமிழில் 'பட்ட அலைச்சறுக்கு' எனலாம். காலடியில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு கச்சை. ஏறக்குறைய 20 முதல் 24 மீட்டர் நீளமுள்ள கயிறுகளின் மறுமுனையில் ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்க, ஆள் நீர்மேல் சறுக்கிச் செல்வார்.

நமது ஐம்பது சென் நாணயத்தின் இரண்டாம் வரிசையில் இருந்த வாவ் புலானை நினைத்துப் பாருங்கள். மூங்கிலும் தாளும் கொண்ட அந்தப் பட்டம் கடலில் விழுந்தால் அதோடு சரி. இந்த விளையாட்டு வளரத் தடையாக இருந்ததும் இதுதான். பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகெனியூ என்னும் சகோதரர்கள் 1984ஆம் ஆண்டு ஒரு புதுவகைப் பட்டத்துக்குக் காப்புரிமை கோரினர். அதன் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருந்தது. அதனால் பட்டம் மூழ்காமல் மிதந்தது. நீரிலிருந்தே மறுபடியும் எழுந்தது. 1990களின் பிற்பகுதியில் இவ்வகைப் பட்டங்கள் விற்பனைக்கு வந்த பிறகே விளையாட்டு உலகெங்கும் பரவியது. ஆக, நீரிலிருந்து பட்டத்தை எழுப்புவது இவ்விளையாட்டின் உயிர்நாடி.

தமிழர் வாழும் கரைகளிலும் இது இருக்கிறது. தமிழகத்தில் இராமேசுவரம், தூத்துக்குடி. இலங்கையில் கல்பிட்டி, மன்னார் ஆகிய இடங்களில் பருவக்காற்றை நம்பிப் பலர் பழகுகிறார்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் தம் 17ஆம் வயதில், சிங்கப்பூர் தேசிய நாளான ஆகஸ்டு 9ஆம் தேதி, வெண்கலம் வென்றார். மாணவர்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டாக இதைப் பயன்படுத்தலாம்.

2. பட்டம் எங்கே இருந்தால் எவ்வளவு இழுக்கும்?

இது புரியாமல் அடுத்த பகுதி புரியாது. காற்று உங்கள் முதுகில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் ஒரு பெரிய கடிகாரத்தின் மேல்பாதி நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி. இடக்கை ஓரம் 9 மணி, வலக்கை ஓரம் 3 மணி.

பட்டம் இந்த ஓரங்களிலோ உச்சியிலோ இருந்தால் இழுவை குறைவு. நேர் முன்னால், நடுப்பகுதியில் பறந்தால் இழுவை மிக அதிகம். எனவே விழுந்த பட்டத்தை நடுவிலிருந்து நேராக மேலே எழுப்பக்கூடாது. முதலில் ஓரத்துக்குக் கொண்டுபோய், ஓரமாகவே உச்சிக்கு ஏற்ற வேண்டும்.

இன்னொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக இழுத்த பட்டம், 44 கிலோமீட்டர் வேகத்தில் ஆளையே தூக்கி எறியும்.

3. நீரிலிருந்து பட்டத்தை எழுப்பும் படிகள்

பெரும்பாலும் பட்டம் முன்விளிம்பு நீரில் படிய, நேர் முன்னால் கவிழ்ந்து கிடக்கும். அப்போது செய்ய வேண்டியவை:

படி 1: பதறாமல் இருத்தல். கைப்பிடிக் கோலைத் தன் பக்கம் இழுக்கக்கூடாது. தள்ளியே வைத்திருக்க வேண்டும்.

படி 2: கயிறுகளைப் பார்த்தல். கால், கை, கழுத்து எதிலும் கயிறு சுற்றியிருக்கக்கூடாது. சுற்றியிருந்தால், அதை விடுவித்த பிறகே அடுத்த படி.

படி 3: கயிறுகளை விறைப்பாக வைத்தல். தளர்ந்திருந்தால் பட்டத்தை விட்டு விலகிப் பின்னோக்கி நீந்த வேண்டும். பட்டத்தை நோக்கி நீந்தினால் கயிறுகள் தொய்ந்து நம்மைச் சுற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஓர் அலையோ காற்றோ பட்டத்தை இழுத்தால், கயிறு சுருக்காக இறுகிவிடும். என் மாணவியின் முதல் வாக்கியம் தவறானது இங்கேதான்.

படி 4: பக்கத்தைத் தேர்ந்தெடுத்தல். ஆள், பாறை, படகு இல்லாத பக்கம் எது என்று பார்த்து, பட்டம் அந்தப் பக்கம் நகரும்படி பின்கயிறுகளில் ஒன்றை மட்டும் மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. இந்தக் கயிற்றில் மாஞ்சா இல்லை. ஆனாலும், ஓர் ஆளை இழுக்கும் விசை அதில் ஏறும்போது அது விரலை அறுத்துவிடும்.

படி 5: காத்திருத்தல். பட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஓரத்தை நோக்கி நகர்ந்து, அதன் ஒரு நுனி நீரைவிட்டு எழும்பும். மென்காற்றில் இதற்கு நேரமாகும். அவசரப்பட்டு வெட்டி வெட்டி இழுத்தால் பட்டம் மறுபடி நடுவுக்கே வந்துவிடும்.

படி 6: ஓரமாக ஏற்றுதல். பட்டம் நீரைவிட்டு எழுந்ததும், இழுத்த கயிற்றை மெல்ல விட்டு, ஓரத்தை ஒட்டியே 12 மணிக்குக் கொண்டுபோக வேண்டும். எழுந்த பிறகும் விடாமல் இழுத்தால் அது சுழன்று நடுப்பகுதியைக் கடந்து ஆளை வாரிச் செல்லும்.

4. எழாவிட்டால்?

"பலர் இந்த இடத்துலதான் பிடிவாதம் பிடிப்பாங்க டீச்சர். இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு களைச்சுப் போயிடுவாங்க" என்றார் அந்த அண்ணன். காற்று நின்றுவிட்டால், கயிறு சிக்கிக்கொண்டால், குழாயில் காற்று இறங்கினால் பட்டம் எழாது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே முயற்சியைக் கைவிட்டு, தன்னை மீட்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் கச்சையில் உள்ள விடுவிப்புப் பிடியைத் தள்ள வேண்டும். உடனே பட்டம் ஒரே ஒரு பாதுகாப்புக் கயிற்றில் தொங்கி, இழுவையை இழந்து கிடக்கும். அதன் பிறகும் பட்டம் ஆளை இழுத்துக்கொண்டே போனால் மட்டும் இரண்டாவது விடுவிப்பையும் இயக்கிப் பட்டத்தை முழுதாக விட்டுவிடலாம். இது கடைசி வழி. ஏனென்றால், பட்டம் போனால் மிதவையும் போகிறது.

பட்டம் அடங்கிக் கிடந்தால், பாதுகாப்புக் கயிற்றை மட்டும் கைப்பிடிக் கோலில் முதலில் சுற்ற வேண்டும். போதுமான நீளம் சுற்றிய பிறகே மற்றக் கயிறுகளைச் சேர்த்துச் சுற்றலாம். எல்லாக் கயிறுகளையும் தொடக்கத்திலேயே சமமாகச் சுற்றினால் பட்டம் மறுபடி காற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். இப்படிச் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடைந்து, முன்விளிம்புக் குழாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குழாயின் காற்றை இறக்கக்கூடாது; அதுதான் இப்போது படகு. பட்டத்தைப் பாய்போல் பிடித்தால், கரைநோக்கிய காற்றே கரை சேர்க்கும்.

இங்கேயும் பட்டத்தை அடைகிறோம் என்பதைக் கவனியுங்கள். என் மாணவி சொன்னதும் அதுதான். ஆனால் அவள் முதல் படியாக எழுதியது, உண்மையில் விடுவித்து, சுற்றி, அடக்கிய பிறகு வரும் கடைசிப் படி.

5. கடலில் இறங்கும் முன்

காற்றின் திசையே முதல் கேள்வி. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று வகுப்பில் படிக்கிறோம். கடற்கரையில் நின்றால் இந்தப் பெயர்களுக்கு உயிர் வருகிறது. பாலோக் கடற்கரை கிழக்கு நோக்கியது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்டது, அங்கே கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வருகிறது. பட்டம் எழாவிட்டாலும் கரைப்பக்கம் ஒதுங்கலாம். மாறாக, மேற்கிலிருந்து நிலக்காற்று வீசினால் அது ஆளை நடுக்கடலுக்குத் தள்ளும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் இறங்கவே கூடாது.

அடுத்து வானம். நம் மேற்குக் கரையில் ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் 'சுமத்திரா' எனப்படும் சூறைக்காற்று திடீரென வரும். கருமேகம் திரண்டால் பட்டத்தை இறக்கிவிட வேண்டும். வானிலைத் துறையின் எச்சரிக்கையையும் கடற்கரையின் சிவப்புக் கொடியையும் மீறக்கூடாது.

மற்றவை: பயிற்றுநர் இல்லாமல் பழகக்கூடாது, தனியாகப் போகக்கூடாது, தலைக்கவசமும் மிதவை உடுப்பும் கயிறறுக்கும் சிறுகத்தியும் வேண்டும். விடுவிப்புப் பிடியைக் கரையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் தலையைக் கையால் தட்டிக் காட்டினால், 'பட்டத்தை இறக்க உதவுங்கள்' என்பது பொருள். ஆபத்து என்றால் 999.

6. கட்டுரைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

அ) வரிசைச் சொற்கள்: முதலில், அடுத்து, அதன் பிறகு, இறுதியாக. இவை அலங்காரம் அல்ல. இடம் மாறினால் பொருளும் மாறும்.

ஆ) நிபந்தனை எச்சம்: 'தளர்ந்திருந்தால்', 'எழாவிட்டால்'. எல்லாப் படியும் எல்லா நேரத்துக்கும் உரியதல்ல என்பதை இவை காட்டும்.

இ) 'பிறகே', 'மட்டும்' என்பவை: "விடுவித்த பிறகு" என்பதற்கும் "விடுவித்த பிறகே" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களிடம் கேளுங்கள். ஏகாரம் ஒரு கட்டளையையே உள்ளடக்கியுள்ளது.

ஈ) காரணம் கூறல்: 'கூடாது' என்று எழுதினால் அடுத்த வாக்கியத்தில் ஏன் என்று சொல்ல வேண்டும். காரணம் தெரியாத எச்சரிக்கை மனத்தில் நிற்காது.

7. சொற்பட்டியல்

கச்சை: இடுப்பில் அணியும் பட்டை, இழுவையைத் தாங்குவது.
கைப்பிடிக் கோல்: பட்டத்தைத் திருப்ப உதவும் தண்டு.
பின்கயிறு: பட்டத்தின் பின்பகுதியோடு இணைந்து அதைத் திருப்பும் கயிறு.
முன்விளிம்பு: காற்றை எதிர்கொள்ளும் விளிம்பு, காற்றடைத்த குழாய் உள்ள பகுதி.
விடுவிப்புப் பிடி: இழுவையை உடனே துண்டிக்கும் பிடி.

8. பயிற்சி

1. பகுதி 3இல் உள்ள படிகளைத் தாள்துண்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். மாணவர்கள் குழுவாக அடுக்கி, ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என விளக்கட்டும்.
2. "கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது." இவ்வாக்கியத்துக்குக் காரணம், விளைவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பத்தி எழுதுக.
3. 'நீரில் தத்தளிப்பவருக்கு உதவுதல்' என்னும் தலைப்பில் 120 சொற்களில் செய்முறை விளக்கம் எழுதுக. (குறிப்பு: உதவி கோரிக் குரல் கொடுத்தல், கரையிலிருந்தே கழியோ கயிறோ மிதவையோ நீட்டுதல், பயிற்சி இல்லாமல் குதிக்காதிருத்தல்.)

மூன்றாவது பயிற்சியை விட்டுவிடாதீர்கள். செரண்டாவில் கடல் இல்லை. என் மாணவர்களில் பெரும்பாலோர் பட்டச் சறுக்கைப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் பழைய ஈயக்குட்டைகளும் ஆறுகளும் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள்.

என் மாணவி அந்தப் பகுதியை மறுபடி எழுதினாள்: "பட்டம் நீரில் விழுந்தால், கயிறுகள் நம்மைச் சுற்றவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகே பட்டத்தை எழுப்ப முயல வேண்டும்." அண்ணனுக்கு அனுப்பிக் காட்டினாளாம். "இப்பதான் சரி" என்று பதில் வந்ததாம். நானும் பழைய புள்ளியை அடித்துவிட்டுப் புதிதாகத் திருத்தினேன். இப்போதெல்லாம் செய்முறை விளக்கத்தைத் திருத்தும்போது, சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை ஒருவர் படித்துவிட்டு அப்படியே செய்தால் என்ன ஆகும்?