நாற்றங்கால்

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ளது திருநகர். அதன் அருகில் நிலையூர்க் கண்மாயின் கீழ் நெல்வயல்கள் உண்டு. வைகை நீர் கால்வாய் வழியே வந்து இக்கண்மாயை நிரப்பும். நடவுக்கு முன்னர் இத்தகைய வயற்புறங்களில் ஒரு மூலை மட்டும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் தோன்றும். அதுவே நாற்றங்கால். ஓர் ஏக்கரில் நடுதற்குரிய நாற்று முழுவதும் ஏறத்தாழ 8 சென்ட் நிலத்தில் வளர்கின்றது. ஆதலின், அங்கு நேரும் சிறு பிழையும் வயல் முழுவதிலும் பெரிதாய் வெளிப்படும்.

முதற்கண் விதையைத் தேர்தல் வேண்டும். கோழிமுட்டை மிதக்கும் அளவிற்கு நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லை இட்டால், பதர் மிதக்கும். கனத்த மணிகள் அடியில் தங்கும். தங்கியவற்றை நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, பின் ஈரச் சாக்கில் மூட்டையாகக் கட்டி ஒரு நாள் வைத்தால் வெண்முளை காணும்.

நாற்றங்காலுக்கு நீர் எளிதிற் பாயவும் வடியவும் கூடிய இடமே ஏற்றது. அதனை மட்கிய தொழுவுரம் இட்டுச் சேறாக உழுது சமன் செய்வர். பள்ளத்தில் நீர் தேங்கினால் முளைக்குக் காற்றுக் கிட்டாது, வேர் வலுப்பெறாது. மேட்டில் நீர் எட்டாவிடின் முளை காயும். எனவே, முதற் சில நாள்கள் மண்ணில் ஈரம் மட்டும் நிற்கச் செய்து, நாற்று வளர வளர நீரைச் சிறிது சிறிதாக உயர்த்துவர்.

இவை யாவற்றினும் முதன்மையானது நாற்றின் வயது. குறுகிய கால நெல்லின் நாற்றை 18 முதல் 22 நாள்களுக்குள்ளும், நடுத்தர கால நெல்லின் நாற்றை 25 முதல் 30 நாள்களுக்குள்ளும் நடுதல் முறை. நான்காம் இலை விரியும் பருவத்தில் நாற்றின் அடியில் தூர் கிளைக்கத் தொடங்கும். நெருக்கமான நாற்றங்காலில் அதற்கு இடமும் ஒளியும் இல்லை. நாள் கடந்த நாற்று உயர்ந்து செழித்ததுபோல் தோன்றினும், வயலில் தூர் குறையும். தூர் குறையவே கதிரும் குறையும்.

மடகாஸ்கர்த் தீவில் 1983ஆம் ஆண்டில் லோலானியே என்னும் பாதிரியார், தம் மாணவரோடு 15 நாள் நாற்றை ஒவ்வொன்றாக இடம்விட்டு நட்டார். பயிர் வியக்கத்தக்க அளவில் தூர்விட்டது. அவர் வகுத்த முறையே பின்னாளில் திருந்திய நெல் சாகுபடி என்னும் பெயரால் தமிழ்நாட்டிலும் பரவியது.

எனினும், மதுரை வட்டாரத்தில் நாளறிந்து நடுதல் உழவன் கையில் மட்டும் இல்லை. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையும், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையும் இச்சமவெளிக்கு வாழ்வளிப்பவை. அணைநீர் வருமென்று விதைத்தபின் நீர்திறப்புத் தள்ளிப்போனால், நாற்று நாற்றங்காலிலேயே முற்றிவிடும். ஆகவே, கிணற்று நீர் உள்ளவர் விதை முழுவதையும் ஒரே நாளில் தூவாது, சில நாள் இடைவெளியில் இரு முறையாகத் தூவுதல் நலம். முதல் நாற்று முற்றினாலும் அடுத்த நாற்று இளமையோடு காத்திருக்கும்.

நாற்றைப் பறிக்குமுன் நீர் பாய்ச்சி மண்ணை இளக்கினால் வேர் அறாது. பறித்த அன்றே, 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆழாமல் நடுதல் வேண்டும். ஆழ நட்டால் தூர் வெளிப்படத் தாமதமாகும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். அம்முளையை உரிய நாளில் இடம் மாற்றி நடுதலே உழவனின் திறம்.