பை ஃபைவ்வா, அன்டில் ஃபைவ்வா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. போன் இன்டர்வியூவுக்கு நாளைக்கு எப்போ ஃப்ரீன்னு ஹெச்.ஆர். கேட்கிறாங்க. நீங்க 'ஐ வில் பி ஃப்ரீ பை ஃபைவ்'னு மெயில் போடுறீங்க. நீங்க சொல்ல நினைச்சது: அஞ்சு மணி வரைக்கும் ஃப்ரீ. அவங்களுக்குப் புரியறது: அஞ்சு மணிக்குள்ள ஃப்ரீ ஆகிடுவேன். அவங்க கூப்பிடுறது அஞ்சரைக்கு. அப்போ நீங்க லேப்ல, போன் பைக்குள்ள! வாக்கியத்துல இலக்கணப் பிழை எதுவும் இல்ல, ஆனா கால் போச்சு.

இந்த மாதிரி இரட்டையர்களைப் பிரிக்க, முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க.

பை, அன்டில்: 'குள்ள'ன்னு வந்தா பை. 'வரைக்கும்'னு வந்தா அன்டில். ஒரு தடவை நடந்து முடியற வேலைக்கு பை: 'சப்மிட் இட் பை ஃப்ரைடே'. தொடர்ந்து நீடிக்கிற நிலைக்கு அன்டில்: 'தி லேப் இஸ் ஓபன் அன்டில் சிக்ஸ்'. ஒரு சிக்கல் இருக்கு. 'வெள்ளி வரைக்கும் சப்மிட் பண்ணலாம்'னு தமிழ்ல சாதாரணமா சொல்வோம். அதை அப்படியே 'சப்மிட் அன்டில் ஃப்ரைடே'ன்னு மாத்தினா தப்பு. வெள்ளி வரைக்கும் நீடிக்கிறது டைம்தான், சப்மிட் பண்றது இல்ல. அதனால 'யூ ஹேவ் அன்டில் ஃப்ரைடே டு சப்மிட்'னா சரி.

ஆன் டைம், இன் டைம்: ரயில் 7.20க்குக் கிளம்பணும், சரியா 7.20க்கே கிளம்புது. அது ஆன் டைம், அதாவது குறிச்ச நேரத்துக்கு. நீங்க 7.10க்கே ஸ்டேஷன் போய் ஏறிட்டீங்க. அது இன் டைம், அதாவது நேரம் கடக்கறதுக்குள்ள. இங்கேயும் நம்ம 'குள்ள' உதவுது பாருங்க.

அட் தி எண்ட், இன் தி எண்ட்: இதுல தமிழ் கொஞ்சம் காலை வாரும். ரெண்டுக்குமே 'கடைசியில'ன்னுதான் சொல்றோம். அதனால வேற டெஸ்ட். எதோட கடைசின்னு கேளுங்க. ரிப்போர்ட்டோட கடைசி, செமஸ்டரோட கடைசின்னு பதில் வந்தா 'அட் தி எண்ட் ஆஃப்'. பதில் வராம, 'எவ்வளவோ பாடுபட்டு, கடைசியில கோட் ரன் ஆச்சு'ங்கிற அர்த்தம்னா 'இன் தி எண்ட்'. இதுக்குப் பின்னாடி ஆஃப் வராது. வைவாவுல அடிக்கடி காதுல விழற 'இன் தி எண்ட் ஆஃப் தி ப்ராஜெக்ட்' தப்பு.

மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி நேரம் சொல்ற வரியை மட்டும் ஒரு தடவை தமிழ்ல சொல்லிப் பாருங்க: குள்ளயா, வரைக்குமா? அப்பவும் சந்தேகமா? 'ஃப்ரீ ஃப்ரம் டூ டு ஃபைவ்'னு ரெண்டு முனையையும் எழுதிடுங்க. யாராலயும் வேற மாதிரி படிக்க முடியாது.