பழம்பொருளுக்கும் மூலப்பத்திரம் உண்டு

மொன்றியல் நகரின் வடபகுதியிலுள்ள வில்லரே, தெருவிலிருந்தே வளைந்தேறும் படிகளைக் கொண்ட இரண்டடுக்கு, மூன்றடுக்கு வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய குடியிருப்பாகும். அதன் மேற்கே விரிந்துகிடக்கும் ஜாரி பூங்காவைக் கடந்தால், தமிழர்கள் பலர் குடியேறி வாழ்ந்த பார்க் எக்ஸ்டென்ஷன் வந்துவிடுகிறது. கியூபெக் மாகாணத்தில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடிவதால், ஜூலை 1 என்பது நகரமே வீடு மாறும் நாளாக இருந்துவருகிறது. அப்படி வீடு மாறும்போதும், முதியவர் ஒருவர் மறைந்தபின் பிள்ளைகள் வீட்டை ஒழிக்கும்போதும், பைன் மர அலமாரிகள், பீங்கான் கலங்கள், சுவர்க் கடிகாரங்கள், கையொப்பமிட்ட ஓவியங்கள் எனப் பல தலைமுறைப் பொருட்கள் வெளியே வருகின்றன. அவற்றுள் சில தெருவோரத்தில் கிடந்து குப்பை வண்டியில் ஏறுகின்றன; சில பழம்பொருட் கடைக்குப் போகின்றன; தகுதியுடையவை எனக் கருதப்படுபவை ஏல நிறுவனத்தை அடைகின்றன. கடையில் விலையைக் கடைக்காரர் சொல்ல, வாங்குபவர் பேரம் பேசிக் குறைக்கிறார். ஏலத்திலோ வாங்குபவர்களே ஒருவரையொருவர் மிஞ்சி விலையை ஏற்றுகிறார்கள் என்பதால், வாங்குபவருக்கு இங்கே தேவைப்படும் எச்சரிக்கை முற்றிலும் வேறு வகையானது.

ஏலம் என்னும் சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது எனச் சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். கியூபெக் பிரெஞ்சில் ஏலத்துக்கு வழங்கும் 'ஆங்கான்' என்னும் சொல்லோ 'எவ்வளவுக்கு' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. 1994இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் குடியியல் சட்டத் தொகுப்பு ஏல விற்பனைக்கெனத் தனி விதிகளை வகுத்துள்ளது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்று ஏலம் கூறுபவர் இறுதியாகவும் உயர்வாகவும் கேட்டவருக்கே பொருளை விற்றதாக அறிவிக்கிறார். ஒருமுறை கேட்ட விலையைக் கேட்டவர் திரும்பப் பெற இயலாது. விற்பனை நிபந்தனைகளை ஏலம் தொடங்கும் முன்பே அறிவித்திருந்தால்தான் அவை வாங்கியவரைக் கட்டுப்படுத்தும். எடுத்தவர் பணம் கட்டத் தவறினால், பொருளை மீண்டும் ஏலமிடச் சட்டம் இடம்தருகிறது. அந்த மறுஏலத்தைப் பிரெஞ்சுச் சட்டமொழி 'பித்தேலம்' என்று பொருள்படும் தொடரால் அழைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட வாங்குபவர் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்று உண்டு: விற்பவர் தம் பெயரை வெளியிடாமல் இருக்கலாம்; ஆனால், ஏலம் எடுத்தவருக்கு அப்பெயர் தெரிவிக்கப்படாவிட்டால், விற்பவருக்குரிய கடமைகள் யாவற்றுக்கும் ஏலம் கூறியவரே நேரடியாகப் பொறுப்பாளியாகிறார்.

நடைமுறை பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும், அல்லது சேர்த்து விற்கப்படும் பொருட்தொகுதிக்கும், 'லாட்' எனப்படும் எண் ஒன்று இடப்பட்டு, எதிர்பார்க்கப்படும் விலை இரண்டு எல்லைகளுக்கு இடையே மதிப்பிட்டுச் சொல்லப்படுகிறது. அந்த மதிப்பீட்டின் கீழெல்லையை ஒட்டியோ அதற்குக் கீழோ, விற்பவரும் நிறுவனமும் மட்டும் அறிந்த குறைந்தபட்ச விலை ஒன்றும் இருக்கக்கூடும். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் பொருட்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. நேரில் வர இயலாதவர்கள் தாம் தரக்கூடிய உச்ச விலையை எழுத்தில் கொடுத்துவைக்கலாம், தொலைபேசியில் கேட்கலாம், இணையவழியில் கேட்கலாம். மரச்சுத்தியல் விழும்போது நிற்கும் விலைதான் தாம் கட்ட வேண்டிய தொகை என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணமே அவர்களுடைய முதல் இழப்பாக முடிகிறது. அவ்விலையின் மேல் வாங்குபவரிடமிருந்து நிறுவனம் பெறும் தரகு, பல நிறுவனங்களில் 20 விழுக்காடு அல்லது அதற்கும் மேல். அதன் மேல் கூட்டரசின் 5 விழுக்காட்டு வரியும் கியூபெக் மாகாணத்தின் 9.975 விழுக்காட்டு வரியும் சேரும். 1,000 டொலருக்கு ஏலம் முடிந்த மேசைக்கு 20 விழுக்காட்டுத் தரகு சேர 1,200 டொலர் ஆகிறது. அதற்கு வரிகள் 60 டொலரும் 119.70 டொலரும் ஆக, கட்ட வேண்டியது 1,379.70 டொலர். இணையவழியில் கேட்டால் தனிக் கட்டணம், குறித்த நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் களஞ்சிய வாடகை, கனமான பொருளானால் ஏற்றியிறக்கும் கூலி என்பனவும் உண்டு. வில்லரே வீடுகளின் வளைந்த படிகளில் ஏறாத அலமாரியை எவ்வளவு மலிவாக எடுத்தாலும் அது மலிவாகாது என்பதால், அளவு நாடாவும் ஏலத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஏலப் பட்டியலின் மொழி தனி மொழியாகும். ஓவியரின் முழுப்பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அதை அவரே வரைந்தார் என்பது நிறுவனத்தின் கருத்து. 'அவர் வரைந்ததாகக் கருதப்படுவது' என்றால் உறுதி ஒரு படி இறங்குகிறது. 'அவருடைய பட்டறை', 'அவருடைய வட்டம்', 'அவருடைய பாணி' என்று போகப்போக அந்த ஓவியரின் கை விலகிச் செல்கிறது. 'அவரைப் பின்பற்றி' என்பது மூலத்தைப் பார்த்து எடுத்த படியையே குறிக்கிறது. தமிழ் வீடுகளுக்கு நன்கு அறிமுகமான இரவிவர்மாவை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்: அவர் 1894இல் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த இலட்சுமி, சரசுவதி அச்சுப்படங்கள் எண்ணிறந்த சுவர்களில் தொங்கின, அவர் கைப்பட வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்களோ, இந்திய அரசால் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டு, நாட்டைவிட்டு ஏற்றுமதியாக முடியாதவை. இரண்டும் ஒரே பெயரைத் தாங்கி ஏலத்துக்கு வரக்கூடும். பட்டியலுடன், பொருளின் விரிசல், ஒட்டுவேலை, மறுபூச்சு ஆகியவற்றை விவரிக்கும் நிலை அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். பொருட்கள் இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகின்றன என்னும் நிபந்தனை ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் இருப்பதால், கேளாமல் விட்ட குறைக்குப் பிறகு வழக்காடுவது எளிதன்று.

விலையின் உச்சிகளைப் பார்த்து மயங்கவும் கூடாது, அஞ்சவும் கூடாது. மொன்றியலில் 1923இல் பிறந்த ஜோன்-போல் ரியோப்பெலின் 'வடகாற்று' என்னும் ஓவியம் 2017 மே மாதம் ஹெஃபெல் நிறுவனத்தின் ஏலத்தில், தரகு உட்பட, 74 இலட்சம் டொலரைத் தாண்டி விலைபோயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் லாரன் ஹாரிஸ் தீட்டிய மலை ஓவியம் ஒன்று அதே நிறுவனத்தில் 112 இலட்சம் டொலரை எட்டியது. மறுபுறத்தில், ஒருகாலத்தில் பெரும் விலை பெற்ற கனமான மர மேசைகளும் பாத்திர அலமாரிகளும், சிறிய வீடுகளும் மாறிய சுவையும் காரணமாக, இன்று பலமுறை புதுத் தளபாடத்தின் விலைக்கே கிடைக்கின்றன. கியூபெக் ஊர்ப்புறங்களின் பழைய பைன் மரத் தளபாடங்களை ஜோன் பலார்டி 1963இல் விரிவாக நூலாக்கிய பிறகே பலர் அவற்றின் அருமையை உணர்ந்தனர். தேவாலயங்களின் பிடி தளர்ந்த அந்தப் பத்தாண்டுகளில், பண்ணை வீடுகளிலிருந்தும் வழிபாட்டிடங்களிலிருந்தும் பொருட்கள் வண்டி வண்டியாக வணிகர் கைக்குப் போயின. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் எனாமல் தூக்குகளும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்த கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு சமூகம் தன் வீட்டை ஒழிக்கும்போதுதான் இன்னொரு சமூகத்தின் வீட்டு நடுக்கூடம் அழகு பெறுகிறது. இதில் குற்றம் ஏதுமில்லை, பொருள் மனமொத்துக் கைமாறியிருந்தால்.

அந்த 'இருந்தால்' என்னும் சொல்லில்தான் பழம்பொருள் வாங்குவதன் முழுப் பாரமும் தங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு துண்டு நிலம் வாங்குபவர்கூட மூலப்பத்திரத்தைக் கேட்கிறார், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். யாழ்ப்பாணத்தில் உறுதியையும், உறுதிக்கு முந்தைய உறுதியையும், தோம்பு எனப்படும் பழைய காணிப் பதிவேட்டையும் புரட்டாமல் காணி வாங்குவோர் அரியர். பழம்பொருளுக்கும் அத்தகைய பூர்வீகம் உண்டு: யார் செய்தார், யாரிடம் இருந்தது, எப்போது எங்கே எவருக்கு விற்கப்பட்டது என்னும் உடைமைத் தொடர்ச்சியே அதன் மூலப்பத்திரம். ஏலப் பட்டியலில் படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சாகும் அந்தச் சில வரிகளைப் பலர் தாண்டிச் செல்கின்றனர்; படத்தைவிட அதிக நேரம் அவற்றிலேயே செலவிடுவது தகும்.

மொன்றியலிலேயே இதற்கு அழியாத சான்று இருக்கிறது. மாக்ஸ் ஸ்டெர்ன் ஜேர்மனியின் டூசல்டோர்ஃப் நகரில் ஓவியக்கூடம் நடத்திய யூதர். நாட்சி ஆட்சி 1935இல் அவருக்குத் தொழில் செய்யும் உரிமையை மறுத்தது. 1937 நவம்பரில் கூடத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களைக் கொலோன் நகரின் லெம்பெர்ட்ஸ் ஏல நிறுவனத்தின் வழியாகக் கிடைத்த விலைக்கு விற்க நேர்ந்தது. இங்கிலாந்துக்குத் தப்பிய அவர், அங்கிருந்து பகைநாட்டார் என்னும் பெயரில் தடுப்புக்காவலராகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, விடுதலைக்குப் பின் மொன்றியலின் டொமினியன் ஓவியக்கூடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் உரிமையாளராகி, கனடிய ஓவியர்கள் பலரை உலகறியச் செய்தார். 1987இல் மறைந்தபோது அவருடைய சொத்தின் பெரும்பங்கு கொன்கோர்டியா, மக்கில், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகங்களுக்குச் சேர்ந்தது. பறிபோன ஓவியங்களை மீட்கும் திட்டம் 2002இல் கொன்கோர்டியாவை மையமாகக் கொண்டு தொடங்கியது. அவற்றுள் ஒன்றான வின்டர்ஹால்ட்டரின் பெண்ணுருவ ஓவியம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஏலத்துக்கு வந்தபோது அடையாளம் காணப்பட்டது. 1937 ஏலத்தில் வாங்கியவரின் குடும்பத்தினரிடம் இருந்த அது, ஸ்டெர்னின் சொத்துக்கே உரியது எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் உறுதிசெய்தது. முறைப்படி ஏலம் கூறி, முறைப்படி பணம் கட்டி, முறைப்படி பதிவேட்டில் எழுதப்பட்ட விற்பனைதான் அது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது பத்தூர் நடராசர் வழக்கு. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த விசுவநாத சுவாமி கோவிலருகே 1976இல் மண்ணைத் தோண்டும்போது செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் நடராசர் இரகசியமாகக் கைமாறிக் கடல்கடந்து, 1982இல் இலண்டன் வணிகர் ஒருவர் வழியாகக் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பொய்யான பூர்வீகம் ஒன்றை நம்பி நல்லெண்ணத்துடன் அந்நிறுவனம் வாங்கியிருந்தது. பேணும் பணிக்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சிலை இருந்தபோது காவல்துறை அதைக் கைப்பற்ற, வழக்கு இலண்டன் நீதிமன்றத்துக்குச் சென்றது. கோவிலே வழக்காடியாக நிற்க முடியுமா என்னும் வினா அங்கே எழுந்தது. இறைவன் சொத்துடைமை உள்ள சட்ட நபர் என்னும் இந்தியச் சட்டக் கோட்பாட்டை ஆங்கில நீதிமன்றம் மதித்தது. உடன் புதைந்திருந்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு, அது பத்தூர் நடராசரே எனத் தீர்மானிக்கப்பட்டது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்க, நடராசர் தமிழ்நாடு திரும்பினார். ஏலக்கூடத்தில் நடந்த விற்பனை அன்று அது. ஆயினும், அங்கே சோழர் செப்புத் திருமேனியைக் காணும் எவருக்கும் இவ்வழக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டும். கனடிய மண்ணில் இது தனித்த நிகழ்ச்சியும் அன்று: காசியில் 1913ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்டு ரெஜைனா பல்கலைக்கழகத் தொகுப்பில் இருந்த அன்னபூரணி சிலை, திருப்பித் தரப்பட்டு 2021இல் காசி விசுவநாதர் கோவிலில் நிறுவப்பட்டது.

சட்டங்கள் இதில் தெளிவான ஆண்டுகளைத் தருகின்றன. 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களையும் 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளையும் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் இந்தியச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டினது. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையில் கனடா 1978இல் இணைந்தது. ஆகவே, திருமேனியோ வாகனமோ தேர்ச் சிற்பமோ ஓலைச்சுவடியோ ஏலத்துக்கு வந்தால், அது எந்த ஆண்டில் தன் நாட்டைவிட்டு நீங்கியது, அதற்கு எழுத்துச் சான்று என்ன என்னும் இரண்டு வினாக்களை நிறுவனத்திடம் எழுத்திலேயே கேட்க வேண்டும். 'ஐரோப்பியத் தனியார் தொகுப்பு' என்னும் ஒற்றை வரி விடையாகாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தமிழகக் கோவில்களில் எடுத்துச் சேர்த்த ஒளிப்படங்கள், கடத்தப்பட்ட பல திருமேனிகளை அடையாளம் காண உதவியுள்ளன என்பதையும் இங்கே கருத வேண்டும்.

பூர்வீகமே போலியாக இருப்பதும் உண்டு. 2007இல் மறைந்த ஒஜிப்வே பழங்குடி ஓவியர் நோர்வல் மொரிசோவின் பெயரில் போலி ஓவியங்கள் பெருகி, 2023 மார்ச்சில் ஒன்ராறியோ காவல்துறை எட்டுப் பேர்மீது குற்றஞ்சாட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைக் கைப்பற்றியது; அதற்கு முன்பே, 2019இல், பொய்ப் பூர்வீகத்துடன் ஓவியம் விற்ற ரொறன்ரோ ஓவியக்கூடம் ஒன்று வாங்கியவருக்கு 60,000 டொலர் தர வேண்டும் என ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பூர்வீகத்தில் சொல்லப்படும் கண்காட்சியின் பட்டியல், முந்தைய ஏலத்தின் லாட் எண், பழைய விலைச்சீட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், பல நூலகங்களிலும் இணையத்திலும் பழைய ஏலப் பட்டியல்கள் கிடைக்கும் இக்காலத்தில் அது நிபுணர்களுக்கு மட்டுமே உரிய வேலையன்று.

பொருள் வீட்டுக்கு வந்த பிறகு அதன் பத்திரத்தைக் காக்கும் கடமை வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. விலைச்சீட்டு, பட்டியலின் உரிய பக்கம், நிலை அறிக்கை, நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுப் பொருளுடன் சேர்த்தே வைக்க வேண்டும். ஓவியமானால் அதன் முதுகும் ஓர் ஆவணம்: ஓவியக்கூடங்களின் ஒட்டுச்சீட்டுகள், சுங்க முத்திரைகள், சுண்ணக்கட்டியால் எழுதிய எண்கள், ஏலக்கூடத்தின் சிறு தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. புதுச் சட்டகம் போடக் கொடுக்கும்போது, கிழிந்த பின்னட்டையையும் மங்கிய சீட்டுகளையும் களைந்துவிட வேண்டாம் என்று சட்டகம் போடுபவரிடம் சொல்லி, அதற்கு முன் அவற்றை ஒளிப்படம் எடுத்து அதே உறையில் சேர்த்துவிடுவது நல்லது.