பேக்அப் பைல் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது?

கல்லூரியில் படிக்கும்போது எங்கள் மாமாவின் மளிகைக் கடைக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சரக்கு இருப்பு, வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருந்தன. கடன் நோட்டை மாமா மூட்டை கட்டி வைத்துவிட்டார். தினமும் இரவில் பென் டிரைவில் தானாக பேக்அப் ஆகும்படியும் செய்திருந்தேன். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. "கவலைப்படாதீங்க மாமா, பேக்அப் இருக்கு" என்று பென் டிரைவைத் திறந்தேன். பைல் இருந்தது. அளவு 0 கேபி!

காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பேக்அப் எடுக்கும் முறை.

டேட்டாபேஸ் இயங்கிக் கொண்டிருக்கும்போது அதன் போல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். பாதி எழுதிய நிலையில் பைல்கள் வந்து சேரலாம். இதற்கென்றே மைஎஸ்க்யூஎல்லுடன் ஒரு சிறு புரோகிராம் தருகிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என டைப் செய்து கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்கவும். (பவர்ஷெல் வேண்டாம். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் > குறி பைலை வேறு எழுத்து முறையில் சேமிப்பதால் திரும்ப ஏற்றும்போது தகராறு செய்யும்.) மைஎஸ்க்யூஎல்லின் பின் போல்டருக்குச் சென்று, கீழ்க்காணும் வரியை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

மைஎஸ்க்யூஎல்டம்ப் -யூ ரூட் -பி கடை > இ:\கடை0503.எஸ்க்யூஎல்

முதல் சொல்லில் இடைவெளி கூடாது. யூ, பி இரண்டும் ஒற்றை ஆங்கில எழுத்துகள். ரூட் என்பது யூசர் பெயர். கடை என்பது டேட்டாபேஸின் பெயர். இ என்பது பென் டிரைவ். பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். கிடைக்கும் பைலை நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியுடன் இருந்தால் வேலை முழுதாக முடிந்தது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். > குறியைக் கண்டதும் கம்ப்யூட்டர் முதலில் அந்த பைலைக் காலி செய்கிறது. பிறகுதான் புரோகிராமை இயக்குகிறது. நான் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றினேன், பேட்ச் பைலில் எழுதி வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை மாற்ற மறந்தேன். அன்றிரவு பேக்அப் தோற்றது. அதற்கு முன்பே முந்தைய நாளின் நல்ல பைல் காலியாகிவிட்டது, ஏனெனில் தினமும் ஒரே பெயர்! பிழைச் செய்தியைப் படிக்கக் கடையில் ஆள் இல்லை. எனவேதான் மேலே பைல் பெயரில் தேதியைச் சேர்த்திருக்கிறேன்.

மாதம் ஒரு முறை பேக்அப்பை ஏற்றியும் பாருங்கள். 'சோதனை' என்று ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கிக் கொண்டு,

மைஎஸ்க்யூஎல் -யூ ரூட் -பி சோதனை < இ:\கடை0503.எஸ்க்யூஎல்

எனக் கொடுக்கவும். டம்ப் என்ற சொல் இங்கே இல்லை, குறியும் திரும்பியிருக்கிறது, கவனியுங்கள். அவசரத்தில் சோதனை என்ற இடத்தில் கடை என்று அடித்துவிட்டால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும்.

மாமாவின் கடன் பாக்கியில் பாதிக்கு மேல் வாடிக்கையாளர்களே வந்து சொல்லி எழுத வைத்தார்கள். மீதி போனது போனதுதான். அன்று கையில் எடுத்த நோட்டை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.