வாசிப்பு அடைவை உயர்த்துதல்

வாசிப்பு அடைவு என்பது ஒரு மாணவர் தம் வகுப்பு நிலைக்குரிய பனுவலைத் தாமே படித்துப் பொருள் உணர்வதைக் குறிக்கும். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது அன்றாடப் பணி. நிதி ஆயோக் 2018-இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இரண்டே. அத்திட்டம் அளவிடும் துறைகளுள் கல்வியும் ஒன்று.

நிலையைக் கண்டறிதல்

நான்காம் வகுப்பு மாணவர் ஒருவர் பாடத்தைத் தடையின்றி ஒப்பிப்பார். அதே பக்கத்தின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால் நின்றுவிடுவார். அவர் செய்தது வாசிப்பன்று, மனப்பாடம். ஆகவே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, முன்பின் பார்க்காத பனுவலைக் கொடுத்துப் படிக்கக் கேட்பதே முதல் வேலை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வின் படிநிலைகள் இதற்கு உதவும்: எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை. ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். கணக்கு வராதவர் எனக் கருதப்பட்ட மாணவர், உண்மையில் வினாவையே வாசிக்க இயலாதவர் என்பதும் அப்போது தெரியவரும்.

இடறும் இடங்கள்

தமிழில் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனை தனி வடிவங்கள் இல்லை. பெரும்பாலும் இடறுவது துணைக்குறிகளில். ஆடிப்பூரத் தேரைப் பார்த்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தைக்குத் தேர் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஆனால் எழுத்தில் இரட்டைக் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி தகரத்துக்குப் பின்னே வருகிறது. கொ, கோ போன்றவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். கு, சு, து என உகர வரிசையோ ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு விதமாக வளையும். கடல், தங்கம், பகல் மூன்றிலும் ககரத்தின் ஒலி ஒன்றல்ல. இவற்றை ஒரே நாளில் அட்டவணையாகத் திணிப்பதைவிட, தெரிந்த சொற்களின் வழியே ஒவ்வொரு குறியாகப் பழக்குவது நல்லது.

ராஜபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும் உண்டு. அவ்வீட்டுக் குழந்தை எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்தும் பொருள் அறியாமல் இருக்கலாம். அவருக்கு அச்சொல் முதலில் பேச்சில் அறிமுகமாக வேண்டும்.

குழுவாகக் கற்பித்தல்

தமிழ்நாடு அரசு 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த இது, 2023-24-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பின்தங்கிய மாணவர்களுக்கு அவர்கள் நிலையிலிருந்தே கற்பித்தால் பலன் உண்டு என்பதை, 2019-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் பங்கேற்ற மும்பை, வதோதரா ஆய்வு முன்பே காட்டியிருந்தது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மறுமதிப்பீடு தாமதமானால் அரும்பு என்பது நிலையாக இல்லாமல் பட்டப்பெயராகிவிடும். மாதம் ஒருமுறையேனும் மீண்டும் படிக்கக் கேட்டு, முன்னேறியவரை உடனே குழு மாற்ற வேண்டும்.

வாசிக்கப் பொருள்

பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகை, பால்கோவாக் கடைப் பெயர், தேர்த்திருவிழாச் சுவரொட்டி எல்லாம் இலவசப் பாடநூல்களே. பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் 'நூல்' என்ற ஒரு சொல்லுக்குள்ள இரு பொருள்களை விளக்க ஆசிரியர் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பெற்றோர் ஷிப்டு வேலைக்குச் செல்லும் வீடுகளில், தம்பி தங்கைக்குத் தினமும் பத்து நிமிடம் படித்துக்காட்டச் சொல்லலாம். பீரோவில் பூட்டியுள்ள கதைப் புத்தகங்களை மாணவர் கைக்கு எட்டும்படி வெளியே வைக்க வேண்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.