"ஆப் வந்தா யூஸ் பண்ணுவீங்களா?"

யூசர் இன்டர்வியூல என்ன கேட்கணும்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. நாங்க சொதப்பின கதையையே சொல்றேன்.

மிளகாய் விவசாயிகளுக்கு அன்னன்னைக்கு விலை சொல்ற ஆப் செய்யலாம்னு பரமக்குடி பக்கம் நயினார்கோவில் வட்டாரத்துக்குப் போனோம். வானம் பார்த்த பூமி. நெல்லும் முண்டு மிளகாயும் விளையுற ஊர்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடுகூட கிடைச்சுது.

"ஐயா, வத்தல் விலையைத் தினமும் போன்லயே காட்டினா யூஸ் பண்ணுவீங்களா?"

"பண்ணலாம் தம்பி, நல்லதுதானே."

பேசின அத்தனை பேரும் இதையேதான் சொன்னாங்க. சந்தோஷமா வந்து ஆப்பைச் செஞ்சு கொடுத்தோம். ரெண்டாவது வாரத்துல திறந்து பார்க்க ஆள் இல்லை.

யாரும் பொய் சொல்லலைங்க. வெயில்ல வீடு தேடி வந்த பசங்ககிட்ட முகத்துக்கு நேரா "வேண்டாம்"னு எப்படிச் சொல்வாங்க? மோர் கொடுத்த மாதிரி ஒரு "சரி"யையும் கொடுத்துட்டாங்க. ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013-ல எழுதின 'தி மாம் டெஸ்ட்' புத்தகத்தோட விஷயமே இதுதான். ஐடியாவைச் சொல்லிக் கேட்டா பெத்த அம்மாகூட நம்ம மனசு நோகாமத்தான் பதில் சொல்வாங்க. அதனால ஐடியாவை விட்டுட்டு, அவங்களுக்கு ஏற்கெனவே நடந்ததைக் கேட்கணும்.

மறுபடி போனப்போ ஆப் பேச்சையே எடுக்கலை. "கடைசியா வத்தல் வித்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? காலைல இருந்து சொல்லுங்கய்யா"ன்னு ஒரு பெரியவர்கிட்ட கேட்டோம். மூட்டை, வண்டி வாடகை, கமிஷன் கடைன்னு சொல்லிட்டே வந்தார். "ஏன் அந்தக் கடை?"ன்னு கேட்டிருந்தா விசாரணை மாதிரி ஆகியிருக்கும். "அங்கதான் போகணும்னு எப்போ முடிவு பண்ணீங்க?"ன்னேன்.

"முடிவென்ன தம்பி, விதைக்கும்போதே அவர்கிட்ட பணம் வாங்கியாச்சுல்ல."

விலை அவருக்குத் தெரியும். வேற கடைக்குப் போகத்தான் வழியில்லை. எங்க ஆப் அவருக்கு எதுக்கு?

அடுத்த கேள்வி வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அந்த இடைவெளியில அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து, "மழையில நனைஞ்சு சண்டு வத்தலாப் போனதையும் சொல்லுங்க"ன்னாங்க. நிறம் வெளுத்த வத்தலைத் தனியாப் பிரிச்சு, குறைஞ்ச விலைக்குத் தள்ளிவிட்டிருக்காங்க.

"இதுக்கு நீங்க எவ்வளவு கொடுப்பீங்க?"ன்னு கேட்டா கற்பனைக் கணக்குதான் வரும். "மழைக்கு என்னம்மா பண்ணீங்க?"ன்னு கேட்டோம். கைக்காசு போட்டு ரெண்டு படுதா வாங்கியிருக்காங்க. விலை தெரிஞ்சுக்க அந்த வீட்டுல ஒத்தை ரூபா செலவழிச்சதில்லை.

அடுத்த வீட்டுல திண்ணையில உட்காரலை. "வத்தல் காயப்போடுற களத்தைக் காட்டுறீங்களா?"ன்னு கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சோம்.