முள் ஆடாத ஈமேக்ஸ்

மலேசியாவின் குருணில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலை இருப்பதால் அங்கே எதையும் வண்டியை வைத்துச் சொல்லலாம். எண்ணெய் முள் வேலை செய்யாத வண்டிக்காரர் டாங்கி மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, தளும்பும் சத்தத்தைக் கேட்பார். மேக் கணினியில் ஈமேக்ஸ் எடிட்டரை வைத்துக்கொண்டு நினைவகத்தை அளக்கப் போகிறவரும் அப்படித்தான் சுற்றிவளைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸை எடிட்டர் என்று மட்டும் சொல்வது அதைக் குறைத்துச் சொல்வதாகும். உள்ளே லிஸ்ப் மொழி ஓடுகிறது. வேண்டியதைப் பயனரே எழுதிச் சேர்க்கலாம். திரையின் அடிப்பட்டையில் மணி, கணினியின் சுமை, பேட்டரி அளவு எல்லாம் காட்டும். நினைவகத்துக்கு ‘மெமரி-இன்ஃபோ’ என்றொரு செயற்கூறு உண்டு. மொத்த நினைவகம், அதில் காலியானது, மொத்த ஸ்வாப் (வட்டிலுள்ள உதவி நினைவகம்), அதில் காலியானது என நான்கு எண்களைக் கிலோபைட் கணக்கில் கொடுக்கும்.

லினக்ஸிலும் விண்டோஸிலும் கொடுக்கும். மேக்கில் பல பதிப்புகளாகக் கிடைத்தது, லிஸ்பில் ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் ‘நில்’ மட்டுமே. இதை நல்ல பழக்கம் என்றே சொல்ல வேண்டும்: தெரியாததற்குப் பூஜ்யம் போட்டிருந்தால் நினைவகமே தீர்ந்துவிட்டதென்று பயனர் பதறிப்போவார்.

பேட்டரிக்கு இதே சிக்கலை ஈமேக்ஸ் எப்போதோ தீர்த்துவிட்டது. லினக்ஸில் ‘சிஸ்’ அடைவிலுள்ள கோப்புகளைப் படிக்கும்; அந்த அடைவே இல்லாத மேக்கில் ‘பிஎம்செட்’ கட்டளையை ஓட்டி, அது அச்சிடும் வரிகளிலிருந்து சதவீதத்தைப் பொறுக்கி எடுக்கும். நினைவகத்துக்கும் அதே வழிதான். ‘நில்’ வந்தால், மொத்த அளவுக்கு ‘சிஸ்கண்ட்ரோல்’, காலி அளவுக்கு ‘விஎம்-ஸ்டாட்’ என்று நான்கைந்து வரி லிஸ்ப் போதும்.

ஆனால் விஎம்-ஸ்டாட் பைட்டில் பேசாது, நினைவகத்தைப் பிரித்திருக்கும் ‘பக்கங்களில்’ பேசும். இன்டெல் மேக்கில் ஒரு பக்கம் 4,096 பைட். 2020-இல் வந்த எம்1 சில்லில் 16,384. அங்கேயும் பழைய எண்ணாலேயே பெருக்கினால் கால் பங்குதான் தெரியும். பக்க அளவைக் கட்டளையே முதல் வரியில் சொல்லிவிடுகிறது, அதைப் படித்துக்கொள்வதே உத்தமம். இன்னொன்று: மேக் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும். ‘காலி’ எண் சிறியதாக இருப்பதாலேயே கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடிக்கடி கேட்பதும் ஆகாது. வெளிக் கட்டளையை நேரடியாக அழைத்தால் அது முடியும்வரை ஈமேக்ஸ் காத்திருக்கும். அதுவரை தட்டச்சும் நிற்கும். கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, முடிந்ததும் விடையை வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி அளவையே ஈமேக்ஸ் வழக்கமாக 60 விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது.